மாட்டாஸ்பத்திரி டெலிபோனும் மாரியாயியின் பசுவும்

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு ஓர் இளம் மிருக வைத்தியர் வந்தார். கையில் பலகை மாதிரிப் பெரிய கைத்தொலைபேசி. தூரத்து ஊர்களில் நிற்கும் மாடுகளை இனிமேல் அதிலேயே பார்க்கப் போகிறார்களாம். படம் வருமாம், குரல் வருமாம், மாடு அசை போடுவதுகூடத் தெரியுமாம். "அங்கிள், உங்க காலத்துல என்ன முறை வச்சிருந்தீங்க? தந்தியா, டெலிபோனா, ஆள் அனுப்புறதா? எது நல்லா வேலை செஞ்சிச்சு?" என்று கேட்டார். எனக்குக் கேள்வி கேட்டால் பிடிக்கும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் யாரும் என்னிடம் கேள்வி கேட்பதில்லை, கட்டளைதான் வருகிறது. ஆகவே அவருடைய தேநீர் ஆறிப்போகும்வரை பேசினேன். அவர் போன பிறகும் பேச்சு தீரவில்லை. மீதியை எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மாத்தளைக்காரன். வாப்பா மிளகும் கொக்கோவும் வாங்கி விற்றவர். கடைக்கு வா என்று அவர் கூப்பிட, நான் மாட்டுக்குப் பின்னால் போனேன். பயிற்சி என்பது கண்டிக்கு அப்பால் ஒரு பண்ணையில் ஊசி பிடிக்கவும் உதை வாங்கவும் பழகியதுதான். உதை வாங்குவதில் வகுப்பில் எனக்குப் போட்டியே இல்லை. பிறகு மாத்தளையில் ஒரு மாட்டாஸ்பத்திரியில் உதவியாளனாகச் சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு டொக்டர், ஒரு ஜீப், ஒரு டெலிபோன், நான். இதில் ஜீப் பாதி நாள் சுகவீன லீவில் நிற்கும். வடக்கே பலாபத்வல, நாலந்தா தாண்டித் தம்புள்ளை வரைக்கும் கிராமங்கள். கிழக்கே ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டங்கள். எங்கே மாடு படுத்தாலும் எங்களைத்தான் தேடுவார்கள்.

டொக்டர் குலசிங்கம் யாழ்ப்பாணத்தவர். அவருடைய வேலை முறையை எழுதாமல் மேலே போனால் பாவம். மாட்டுக்காரன் கதறிக்கொண்டு நின்றாலும் அவர் ஓடிப் போய் மாட்டைத் தொடமாட்டார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிப்பார். மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு மாட்டுக்கு எதிரே சும்மா நிற்பார். முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. "சும்மா நிண்டு பாரும் சலீம். மாடு தானே சொல்லும்" என்பார். அதன் பிறகுதான் கேள்விகள். தின்னுதா, அசை போடுதா, சாணி எப்படி, மூச்சு எப்படி, நிக்குதா படுக்குதா. எப்போதும் இதே வரிசை. ஒரு கேள்விக்குப் பதில் வராவிட்டால் அடுத்ததற்குப் போகமாட்டார்.

அப்படிப்பட்டவருக்குத் தூரத்திலிருந்து மருந்து சொல்வது என்றாலே வேம்பு. "காணாத மாட்டுக்கு மருந்து சொல்லுறவன் டொக்டர் இல்லை, குறி சொல்லுற சாத்திரி" என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிடுவார். ஆனால் ஜீப் ஒன்று, மலை பல. எதையாவது செய்துதான் ஆகவேண்டும் என்று நான் அவரை அரித்துக்கொண்டே இருந்தேன்.

தந்தியை முதலில் எடுத்துக்கொள்வோம். எங்களுக்கு வந்த தந்திகள் எல்லாம் ஒரே ஆள் எழுதியவை போலவே இருக்கும். மாடு கடுமை, உடனே வரவும். உண்ணி கடித்தாலும் அதுதான், வயிறு ஊதினாலும் அதுதான். நாங்கள் பதிலுக்குத் தந்தி அடித்தால் இன்னும் மோசம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் தந்திக்காரன் நுழைந்தாலே செத்தது யார் என்றுதான் கேட்பார்கள். ஒருமுறை, நேரில் பார்த்துவிட்டு வந்த மாட்டுக்கு நாங்கள் அனுப்பிய மருந்துக் குறிப்பைப் பிரிக்காமலேயே ஒரு லயம் முழுவதும் ஒப்பாரி வைத்துவிட்டது. பிரித்துப் படித்தவர் மாட்டுக்குப் பேதி மருந்து என்று சொன்ன பிறகு எங்களைத் திட்டினார்களாம். அந்தத் திட்டில் நியாயம் இருந்தது.

பஸ் பரவாயில்லை. மாத்தளை வழியே வடக்கே போகும் யாழ்ப்பாண வீதியில் ஓடும் பஸ்களின் கொண்டக்டர்மார் எல்லாரும் எனக்குச் சிநேகிதர்கள். வார்த்தையைக் கொடுத்துவிட்டால் இறங்கும் இடத்துக்குள் அது வளர்ந்துவிடும் என்பதால், வார்த்தையை விட்டுவிட்டுச் சாமானைக் கொடுத்தனுப்பும்படி மாட்டுக்காரர்களிடம் சொன்னேன். மடி வீங்கிய பசுவின் பாலைப் போத்தலில் அனுப்பு. சாணியை இலையில் கட்டி அனுப்பு. டொக்டருக்கும் இது பிடித்திருந்தது, கண்ணால் பார்க்க ஏதோ கிடைக்கிறதே. ஆனால் நாலந்தாப் பக்கத்து மாட்டுக்காரர் ஒருவர் மிகவும் சுத்தமான மனிதர். சாணியை வாட்டிய வாழையிலையில் மடித்து, நூல் சுற்றி, அழகாகக் கொடுத்தனுப்பினார். ஆஸ்பத்திரி பூட்டியிருந்ததால் கொண்டக்டர் அதை நேரே என் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பகல் சாப்பாட்டு நேரம். என் மனைவி அதைத் தன் உம்மா அனுப்பிய சோற்றுப் பார்சல் என்று நினைத்துச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துப் பிரித்தாள். "யா அல்லாஹ்! உங்க உத்தியோகத்த உங்க ஆஸ்பத்திரியிலேயே வச்சுக்கங்க!" என்று அவள் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அந்தச் சாணியில் புழு இருந்தது, மருந்து அனுப்பினோம், மாடு பிழைத்தது. அதை இன்றுவரை அவள் ஒரு சாதனையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

மிஞ்சியது டெலிபோன். தோட்டங்களில் டெலிபோன் இருக்கும் இடம் துரையின் பங்களா அல்லது ஆபீஸ். மாடு இருக்கும் இடம் லயம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஏணிப்படி மாதிரி ஆட்கள். மாட்டுக்காரி கங்காணியிடம் சொல்ல வேண்டும், கங்காணி கணக்கப்பிள்ளையிடம், கணக்கப்பிள்ளை பெரிய கிளாக்கரிடம், பெரிய கிளாக்கர் எங்களிடம். ஒவ்வொரு படியிலும் மரியாதைக்காக ஒரு சொல்லைக் கழுவித் துடைத்துவிடுவார்கள். எங்கள் காதுக்கு வரும்போது 'மாட்டுக்குச் சுகமில்லை' என்பது மட்டும் மிஞ்சியிருக்கும். டொக்டர் டெலிபோனை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். "பாத்தீரா? சாத்திரம்தான் சொல்லலாம்" என்பார். 

அதற்குப் பதில் கிடைத்தது ஒரு மழைக்காலத்தில்.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், சொன்னால் அந்தப் பெரிய கிளாக்கரின் பேரப்பிள்ளைகள் என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அன்று விடிந்ததிலிருந்தே அடைமழை. மண் சரிந்து மேல் பாதை மூடிக் கிடக்கிறது என்று பஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். டெலிபோன் அடித்தது. டொக்டர் எடுத்தார். அந்தத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். அந்தக் காலத்து டெலிபோனில் மறுமுனைக்காரர் கத்தினால் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் கேட்கும்.

"டொக்டர் ஐயாவுக்கு வணக்கங்க. இங்க லயத்துல ஒரு பசுவுக்குக் கொஞ்சம் அசௌகரியமா இருக்குங்க."

"என்ன அசௌகரியம்?"

"முழுகாம இருந்துச்சுங்க. இப்ப வந்து… வேளை வந்துருச்சுங்க."

"கண்டுக்குட்டி போடுதோ? வெளியில என்ன தெரியுது?"

பெரிய கிளாக்கர் மென்று விழுங்கினார். "அத எப்படிங்க ஐயா சொல்றது? சொல்லக்கூடிய இடமில்லீங்களே."

"காலோ, தலையோ, வாலோ? அதைச் சொல்லும்."

"ஆபீஸ்ல சாமிப் படம் இருக்குதுங்க ஐயா."

டொக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன கலியாணமே பேசிறன்? மாட்டைப் பற்றிக் கேக்கிறன்!"

"கோவிச்சுக்காதீங்க ஐயா. கங்காணி நாலு ஆம்பளைங்களோட கயிறு எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. கட்டி இழுத்துப் பாக்கப் போறாங்க."

அதைக் கேட்டதும் டொக்டர் எழுந்து நின்றுவிட்டார்.  கன்று நேராக வந்தால் இழுக்கலாம். கால் மடங்கிக் கிடக்கும்போது நாலு ஆண்கள் சேர்ந்து இழுத்தால் கர்ப்பப்பை கிழியும், தாயும் போகும், கன்றும் போகும். எப்படிக் கிடக்கிறது என்று தெரிய வேண்டும். தெரிந்தவளோ லயத்துக்காரி, டெலிபோனில் இருப்பவரோ சாமிப் படத்துக்கு வெட்கப்படுகிறவர்.

"மாட்டுக்காரி எங்கை?" என்றார் டொக்டர்.

"வெளிய வராந்தாவுக்குக் கீழ நிக்குதுங்க. ஆனா லயத்து ஆளுங்கள ஆபீசுக்குள்ள விடுற வழக்கம் இல்லீங்களே. தொரையும் கண்டிக்குப் போயிட்டாரு."

"துரை வந்தால் நான் கதைக்கிறன். அந்த மனிசியை இப்பவே கூப்பிடும்."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ டெலிபோனை வாங்கும் சத்தம்.

"அம்மா, சொல்லுங்கோ. என்ன தெரியுது?"

பதிலுக்கு வந்தது ஒரு முனகல். "ம்… ம்ம்…" அவ்வளவுதான். டொக்டர் குரலை உயர்த்தினார். முனகல் இன்னும் சிறுத்தது. அவர் மேசையில் தட்டிக் கத்தினார். முனகலும் நின்றுபோயிற்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊசி போட நான் லயங்களுக்குப் போவேன். டொக்டரும் கூட வந்தால், அங்குள்ள பெண்கள் அவரிடம் பேசும் விதமே வேறு. தலையைக் குனிந்து, வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார்கள். பெரியவர்கள் மேல் மூச்சுக் காற்றுப் படக்கூடாதாம். எதிரே நிற்கும்போது பொத்திய கைக்குள்ளிருந்து வந்தாலும் பேச்சு விளங்கும். டெலிபோனில் எப்படி விளங்கும்?

"சேர், அந்தப் பொம்பளை வாயப் பொத்திக்கிட்டுப் பேசுறாங்க."

"ஏன், பல்லுக் கொதியோ?"

"இல்ல சேர். உங்களுக்கு மரியாதை."

டொக்டர் ஒரு கணம் என்னை வெறித்துப் பார்த்தார். "கையை எடுக்கச் சொன்னால் எடுப்பாவோ?"

"எடுக்க மாட்டாங்க சேர். நீங்க சொல்லச் சொல்ல இன்னும் இறுக்கிப் பொத்துவாங்க. என்கிட்ட தாங்க."

இன்றைக்கு இதை எழுதுவது சுலபம். அன்றைக்கு ஓர் உதவியாளன் டொக்டர் கையிலிருந்து டெலிபோனை வாங்குவது லேசான காரியம் இல்லை. அவர் தயங்கினார். கயிற்றோடு போன நாலு ஆண்கள் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

"யாரு, அக்கா? நான் சலீம். மாட்டுக்கு ஊசி போட வருவேனே. போன தடவ கீழ் லயத்துல ஒரு செவலப் பசு எத்தி என் கால்சட்டையக் கிழிச்சிச்சே, நான்தான்."

மறுமுனையில் ஒரு மூச்சு கேட்டது. உடனே, மூடி திறந்த போத்தல் மாதிரி ஒரு குரல் வந்தது. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். "ஐயோ, ஊசி நானாவா! நான் டொக்டரு தொரைன்னுல நெனச்சேன்! மாரியாயி பேசுறேன் நானா. அதே செவலதான், அந்த சண்டக்காரிதான். ரெண்டாங் கன்னு நானா. பன்னீர்க்குடம் ஒடஞ்சு வெகு நேரமாச்சு. ஒரு காலுதான் வெளிய வந்திருக்கு. மூக்கு தெரியுது. இன்னொரு காலக் காணோம்."

ஒரே மூச்சில் இவ்வளவும் வந்துவிட்டது. சாமிப் படம் அங்கேயேதான் இருந்திருக்கும். நான் ஒவ்வொன்றையும் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். டொக்டர் கேள்வி கேட்டார், நான் அதை மாரியாயி அக்காவின் பேச்சில் கேட்டேன்.

"வந்திருக்கிற காலோட குளம்பு, அடிப்பக்கம் தரையப் பாக்குதா, வானத்தப் பாக்குதா?"

"தரையப் பாக்குது."

"நாக்கு தெரியுதா? தொட்டுப் பாத்தீங்களா?"

"தொட்டா உள்ள இழுத்துக்குது நானா."

டொக்டர் மேசையில் ஓங்கி அடித்தார். இந்த முறை கோபத்தில் இல்லை. "உயிரோட இருக்கு! முன்னங்கால் ஒண்டு முட்டியிலை மடங்கிக் கிடக்கு. இழுக்க விடாதையும், முதல் அதைச் சொல்லும்!"

சொன்னேன். மாரியாயி அக்காவின் குரல் உடைந்தது. "நான் சொன்னா கங்காணி கேப்பாரா? எங்க வீட்டுக்காரரு போனதுக்கு அப்புறம் அந்தப் பசுதான் நானா என் புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்துது. அதுவும் போயிருச்சுன்னா நான் என்னா செய்வேன்?"

கங்காணிக்கு என் குரல் போதாது. அது எனக்குத் தெரியும். கிளாக்கரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு டெலிபோனை டொக்டரிடம் கொடுத்தேன். அங்கே மரியாதை வேலை செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். "கவர்மெண்டு மிருக வைத்தியர் சொல்லுறன்" என்று அவர் தொடங்கிய தொனியில் நானே விறைத்து நின்றேன். "அந்தக் கயிற்றிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. நீரே போய்க் கங்காணியை மறியும். இப்பவே!" மறுமுனையில் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. பெரிய கிளாக்கர் மழைக்குள் ஓடியிருக்கிறார்.

டெலிபோன் மறுபடி மாரியாயி அக்காவின் கைக்கும் என் கைக்கும் வந்தது. டொக்டர் தன் இடக்கையை மேசைமேல் நீட்டி, மணிக்கட்டை உள்ளே மடித்தார். அதுதான் கன்றின் கால். வலக்கை மாரியாயி அக்காவின் கை. அவர் செய்து காட்டக் காட்ட நான் சொன்னேன்.

"மாட்ட எழுப்பி, தலை பள்ளத்துப் பக்கமும் பின்பக்கம் மேட்டுப் பக்கமுமா நிப்பாட்டுங்க. அப்பதான் கன்னு கொஞ்சம் உள்ள போகும், எடம் கெடைக்கும். கைய முழங்கை மட்டும் சவுக்காரம் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசிக்கங்க. வெளிய இருக்கிற கால ஒரு சுத்தமான துணியால கட்டி வைங்க, உள்ள போனாலும் தவறிப் போகாது. மாடு முக்கும்போது ஒண்ணும் செய்யாதீங்க. முக்கு நின்னதும் கன்ன மெதுவா உள்ள தள்ளுங்க. கைக்கு முட்டி தட்டும். அதுக்குக் கீழ போய்க் குளம்பத் தேடிப் புடிங்க. குளம்ப உங்க உள்ளங்கைக்குள்ள பொத்திக்கணும், அது தாயக் கீறக் கூடாது. பொத்திக்கிட்டே முட்டிய மேல தள்ளி, குளம்ப உங்க பக்கம் கொண்டு வாங்க. வந்துரும்."

"என்னாலயா நானா? ஆம்பளைங்க இருக்காங்களே."

டொக்டருக்கு அது கேட்டிருந்தது. "ஆம்பிளையளின்ரை கை உள்ளுக்குப் போகாது. கொழுந்து பறிக்கிற கைதான் வேணும் எண்டு சொல்லும்."

சொன்னேன். அவள் ஒவ்வொரு படியையும் எனக்குத் திருப்பிச் சொன்னாள். ஒன்றுகூடத் தவறவில்லை. பிறகு ஓடிப்போனாள். டெலிபோனை மேசையில் வைத்துவிட்டுப் போனதால் தொடர்பு அறுபடவில்லை. நாங்கள் அந்த ஆபீசின் மழையைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் இடையில் வந்து, "பேசி முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "வெட்டிப்போடாதையும் பிள்ளை!" என்று டொக்டர் கெஞ்சியதை நான் முதலும் கடைசியுமாக அன்றுதான் கேட்டேன்.

நான் எனக்குத் தெரிந்த துஆக்களை எல்லாம் ஓதினேன். டொக்டர் மேசைமேல் தன் மணிக்கட்டை மடித்தும் நீட்டியும் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசியில என்னைச் சாத்திரி ஆக்கிப்போட்டீர்" என்றார். பயந்துபோயிருந்தார். நானும்தான். டெலிபோனில் அவர் சொன்ன முதல் வைத்தியம் அது. தவறினால் அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் டெலிபோன் மணி அடித்தாலும் எடுக்கமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

தடதடவென்று யாரோ ஓடி வந்தார்கள். டெலிபோனில் வெடித்தது பெரிய கிளாக்கரின் குரல்.

"ரெண்டு காலும் வெளிய வந்துருச்சு ஐயா! மாரியாயி கைய உட்டு எடுத்துருச்சு! தல வந்துச்சு, தோளு வந்துச்சு, கடைசில சப்பையும் வந்து முழுசா விழுந்துருச்சு! ஆனா மூச்சக் காணோம் ஐயா!"

சொல்லக்கூடாத இடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. டொக்டர் என் கையிலிருந்து டெலிபோனைப் பறித்தார். "மூக்கை வழிச்சுத் துடையும்! வைக்கோல் துரும்பை எடுத்து மூக்குக்குள்ள விட்டுக் கிண்டும்! நெஞ்சை வைக்கோலாலை தேய்க்கச் சொல்லும், உரமாய்!" பெரிய கிளாக்கர் திரும்பி ஓடக்கூட இல்லை. வராந்தாவில் நின்று பள்ளத்தில் இருந்த லயத்தைப் பார்த்துக் கூவினார். 'துரும்பு! மூக்கு! தேயி!' என்று அந்த மனிதர் மழையில் கூவியது, மாத்தளையில் எங்கள் மேசை வரைக்கும் கேட்டது.

பிறகு வெறும் மழை. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"நானா!"

டொக்டரின் கையில் இருந்த டெலிபோன் அதிர்ந்தது. அவர் அதை என்னிடம் தந்தார்.

"நானா, தும்முச்சு! துரும்ப உட்டதும் தும்முச்சு! பொட்டக் கன்னு நானா! தல ஆட்டுது, காத ஆட்டுது! செவல நக்குது!" அவள் அழுதாள், சிரித்தாள், பக்கத்தில் பெரிய கிளாக்கரும் ஏதோ கத்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைப்பதற்கு வழக்கமாக அவ்வளவு நேரம் ஆகாது.

"நானா, டொக்டரு அய்யாகிட்ட கொஞ்சம் குடுங்க."

நன்றி சொல்லத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன். டொக்டரும் அப்படித்தான் நினைத்து, "ஓம் அம்மா, அதெல்லாம் தேவையில்லை" என்று தொடங்கினார். மறுகணம் டெலிபோனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். வாயைப் பொத்திய கை எங்கே போனதோ, அறை முழுவதும் கேட்டது.

"அய்யா! நஞ்சுக்கொடி இன்னும் விழல! கங்காணி அறுத்து எடுன்னு சொல்றாரு, எடுக்கலாமா, கூடாதா? எவ்வளவு நேரம் பாக்கணும்? கன்னுக்குச் சீம்பால் இப்பவே குடுக்கவா? எல்லாத்தயும் வெவரமாச் சொல்லுங்க!"

டொக்டர் குலசிங்கம் காலால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அறுக்கக் கூடாது. வடிவாச் சொல்லுறன், கேளுங்கோ அம்மா" என்றார்.

அதற்குப் பிறகு டெலிபோன் என் கைக்குத் திரும்பி வரவில்லை. மாரியாயி அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள், டொக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார்.